சாக்லேட் ஒயினுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வைப்பது?

சாக்லேட் சுவை சேர்த்த சிவப்பு ஒயினை முதன்முறையாக வாங்குகிறவர்களில் பலர், கையோடு ஒரு சாக்லேட் கேக்கையும் வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்து முடித்த அந்தச் சம்பந்தம் இரண்டாவது வாயிலேயே கசந்துபோயிற்று. கேக்கின் மேல் தடவியிருந்த சர்க்கரைப் பூச்சு நாக்கில் இருக்கும்போது குடித்த ஒயின், திறந்துவைத்து மறந்துபோன பழச்சாறு போலப் புளித்தது. பாட்டில்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மூடப்போன நேரத்தில், மேசையில் இருந்த உப்பு போட்டு வறுத்த பாதாமில் நான்கைந்தை எடுத்துக் கொறித்தேன். அடுத்த வாய் வேறு பானமாக இருந்தது: பழுத்த செர்ரி, கோகோப் பொடி, அடியில் மெல்லிய இனிப்பு.

பாட்டிலில் ஏற்கெனவே சாக்லேட் இருக்கிறது. தட்டிலும் அதையே வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிக்கொள்ளும். பாட்டிலில் இல்லாத உப்பையும் கொழுப்பையும் பழப் புளிப்பையும் தட்டில் வைத்தால் ஒயின் மலர்கிறது. புதியவர்கள் எதில் தொடங்கி எப்படிப் போகலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பாட்டிலில் இருப்பது எது?

சாக்லேட் என்ற சொல் லேபிளில் இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. மூன்று வகைகள் இருக்கின்றன. தொட்டுக்கொள்ளும் பண்டமும் வகைக்கு ஏற்ப மாறும்.

முதலாவது, சாக்லேட் ஒரு துளியும் சேராத, இனிப்பில்லாத சிவப்பு ஒயின். மெர்லோ, மால்பெக், சிரா, ஜின்ஃபண்டெல் போன்ற திராட்சை வகைகளிலிருந்து வரும் ஒயின்களில் கோகோவை நினைவூட்டும் மணம் தானாகவே தோன்றுவதுண்டு. அதில் பெரும்பங்கு ஓக் மரப் பீப்பாய்க்கு உரியது. பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டும்போது மரத்தின் சர்க்கரைப் பொருள்களும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளும் சிதைந்து, வெனிலா, கேரமல், காப்பி, வறுத்த கோகோ ஆகியவற்றைப் போன்ற மணங்களைத் தருகின்றன. தென்னாப்பிரிக்காவின் டீமர்ஸ்ஃபோன்டைன் பண்ணை 2001இல் அறுவடை செய்த பினோட்டாஜ் திராட்சையிலிருந்து, காப்பியும் சாக்லேட்டும் தூக்கலாக மணக்கும் ஒயினை இந்த வழியில்தான் உருவாக்கியது. பிறகு பலரும் அதே பாணியைப் பின்பற்றினார்கள். அதே நாட்டின் 'தி சாக்லேட் பிளாக்' என்ற புகழ்பெற்ற ஒயினின் பெயரில்தான் சாக்லேட் இருக்கிறது. பாட்டிலுக்குள் இருப்பது சிராவை முதன்மையாகக் கொண்ட இனிப்பில்லாத கலவை. இனிப்பை எதிர்பார்த்து வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, தயாரித்து முடித்த சிவப்பு ஒயினில் சாக்லேட் சுவைமணத்தையும் ஓரளவு இனிப்பையும் சேர்த்தது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியதுதான். பார்ப்பதற்குச் சாதாரணச் சிவப்பு ஒயினைப் போலவே தெளிவாக இருக்கும்.

மூன்றாவது, பாலேடு கலந்தது. நெதர்லாந்தின் சாக்கோவைன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாக்லேட் பால் போலக் கலங்கலாக இருக்கும். இதை ஒயின் என்பதைவிட மதுச் சத்துள்ள இனிப்புப் பானம் என்பதே சரி. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. சிவப்பு ஒயின்தானே என்று விருந்தினருக்கு ஊற்றிவிடாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் பின்பக்க லேபிளைப் பாருங்கள். 'இயற்கைச் சுவைமணம் சேர்த்த திராட்சை ஒயின்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அது இரண்டாம் வகை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படிப்பட்டவற்றை வெறுமனே ஒயின் என்று பெயரிட்டு விற்க முடியாது. மணமூட்டிய ஒயின் பொருள்களுக்கென 2014இல் வந்த தனி விதிமுறை இருக்கிறது. பொருள்களின் பட்டியலில் பால் அல்லது பாலேடு இருந்தால் மூன்றாம் வகை. இரண்டும் இல்லாவிட்டால் சாக்லேட் வெறும் மணமாகவோ வெறும் பெயராகவோதான் இருக்கிறது.

இரண்டாம் படி: குளிரவைத்து, தனியாகச் சுவையுங்கள்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில்தான் பருக வேண்டும் என்ற பழைய அறிவுரையை இங்கே மறந்துவிடுங்கள். இனிப்புள்ள ஒயின் வெதுவெதுப்பாக இருந்தால் மருந்து போலாகிவிடும். ஆல்கஹால் மூக்கில் ஏறும். 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். அதற்குப் பாட்டிலை ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். அவசரமென்றால் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம் வையுங்கள். பாலேடு வகையை இன்னும் குளிர்ச்சியாக, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனேயே பரிமாறலாம். ஊற்றுவதற்கு முன் பாட்டிலைக் குலுக்குங்கள். இனிப்பில்லாத முதல் வகைக்கு மட்டும் 16 முதல் 18 டிகிரி.

கோப்பையில் 75 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். இனிப்பு ஆல்கஹாலை மறைத்துவிடும் என்பது இந்த வகையின் பெரிய சூழ்ச்சி. 13 சதவீத ஒயின் என்றால் 750 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 97 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. சாக்லேட் வாசனை அதில் ஒரு துளியையும் குறைத்துவிடுவதில்லை. வண்டி ஓட்ட வேண்டியவர்களும் கருவுற்றிருப்பவர்களும் கோப்பையைத் தொடவே வேண்டாம்.

முதல் இரண்டு மிடறுகளுக்கு வாயில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஒயின் சுவைப்பதற்குத் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் அறுசுவைப் பட்டியலில் துவர்ப்பு தனியாக இடம்பெற்றிருக்கிறது. நெடுநேரம் ஊறிய தேநீரில் நாக்கு இழுத்துக்கொள்வதும் மாதுளைத் தோலைக் கடித்தால் ஈறு வரண்டுபோவதும் அதுதான். ஒயினில் அதைத் தருவது டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் பீப்பாய் மரத்திலும் இருந்து வரும் அந்தப் பொருள், எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாய் வழவழப்பை இழக்கிறது. கோகோவிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் நிறைய இருக்கின்றன. கோகோ மிகுந்த சாக்லேட்டும் துவர்ப்பான ஒயினும் சேரும்போது வாய் ஏன் மணல் தின்றதுபோல் ஆகிறது என்பதற்கு இதுவே விடை.

ஆகவே மிடறை வாயில் உருட்டிக்கொண்டே நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு எவ்வளவு? புளிப்பு எவ்வளவு? துவர்ப்பு உண்டா? விழுங்கிய பிறகு கைப்பு நிற்கிறதா? துண்டுத்தாளில் குறித்துவைத்துக்கொண்டாலும் நல்லது. தட்டில் என்ன வைக்க வேண்டும் என்பதை இந்த நான்கு பதில்களே தீர்மானிக்கும்.

மூன்றாம் படி: இனிப்பை அளந்துகொள்ளுங்கள்

மனத்தில் வைத்திருக்க வேண்டிய விதி ஒன்றுதான். ஒயினின் இனிப்பு உணவின் இனிப்புக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. நாக்கு இனிப்பை ஒப்பிட்டுத்தான் உணர்கிறது. மிகவும் இனிப்பான ஒன்றைத் தின்ற பிறகு, அதைவிடக் குறைந்த இனிப்புள்ள ஒயினின் சர்க்கரை கணக்கிலேயே வராது. மிஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும்தான். என் கேக் கதையில் நடந்தது அதுவே.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. ஒரு தட்டில் உப்பிட்ட வறுத்த பாதாம், ஒரு ஸ்ட்ராபெரி, ஒரு துண்டு பால் சாக்லேட், சர்க்கரைப் பூச்சுள்ள கேக்கில் ஒரு விள்ளல் ஆகிய நான்கையும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மிடறு. நடுவில் வெறும் பிஸ்கட்டும் தண்ணீரும். பத்து நிமிடத்தில் உங்கள் பாட்டிலின் குணம் தெரிந்துவிடும். இந்தச் சோதனையை நான் எந்தப் புது பாட்டிலுக்கும் விட்டதில்லை.

நான்காம் படி: சாக்லேட்டேதான் வேண்டும் என்றால்

ஆசையை ஏன் கெடுப்பானேன்? சாக்லேட்டும் வைக்கலாம், எதை வைக்கிறோம் என்பதில் கவனம் இருந்தால் போதும்.

வெள்ளைச் சாக்லேட்டைப் பலர் ஏளனமாகப் பார்ப்பார்கள். இந்த இடத்தில் அது நன்றாகவே பொருந்துகிறது. அதில் கோகோ வெண்ணெய் மட்டும்தான் உண்டு. கருநிறக் கோகோப் பொருள் இல்லை. துவர்ப்பும் இல்லை. கொழுப்பை அது கொடுக்கிறது, கோகோ மணத்தை ஒயின் கொடுக்கிறது. ஆனால் இனிப்பு மிகுதி என்பதால் சிறு துண்டு போதும். ஒயின் இனிப்புக் குறைவானதாக இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

பால் சாக்லேட் புதியவர்களுக்குப் பாதுகாப்பான இடம். பாலின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கிவிடும். அதிலும் உப்புக் கல் தூவியதோ ஹேசல் கொட்டை சேர்ந்ததோ கிடைத்தால் அதை எடுங்கள்.

கறுப்புச் சாக்லேட்டில் 50 முதல் 60 சதவீதக் கோகோ வரை போகலாம். 70 சதவீதத்துக்கு இந்த ஒயினைவிட வலுவான துணை வேண்டும்; அதைக் கீழே சொல்கிறேன். 85 சதவீதத்தைத் தனியாகத் தின்று மகிழுங்கள். அதனுடன் எந்தச் சிவப்பு ஒயினையும் சேர்த்து நான் வெற்றி கண்டதில்லை.

உண்ணும் முறையும் முக்கியம். கோகோ வெண்ணெய் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே, 34 டிகிரி அளவில் உருகுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லேட் கடிபடுமே தவிர மணக்காது. அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, ஒரு துண்டை நாக்கில் போட்டு, மெல்லாமல் பாதி கரையவிடுங்கள். பிறகு ஒரு மிடறு. வரிசையை மாற்றி ஒயினை முதலில் குடித்தால் இந்தக் கலப்பு நிகழாது.

ஐந்தாம் படி: கொட்டை, பழம், பாலாடைக்கட்டி

என்னைக் கேட்டால் இந்த ஒயினின் உண்மையான வீடு இங்கேதான் இருக்கிறது. ஒரே தட்டில் இந்த மூன்றையும் வைத்து நடுவில் பாட்டிலை வைத்தால், நான்கு பேருக்கு ஒரு மாலைப்பொழுது தாராளமாகப் போகும்.

கொட்டைகளில் பாதாமும் ஹேசலும் முதலிடம். வறுத்திருக்க வேண்டும், உப்பு இருக்க வேண்டும். உப்பு கைப்பை மட்டுப்படுத்துகிறது. வறுத்த மணம் ஒயினின் கோகோ மணத்தோடு உறவாடுகிறது. வால்நட்டின் தோலுக்கே சொந்தத் துவர்ப்பு உண்டு என்பதால் அதைத் தேன் தடவி வறுத்தால் மட்டுமே சேர்ப்பேன்.

பழங்களில் சிவப்பு நிறத்தைப் பின்தொடருங்கள். செர்ரி, ராஸ்ப்பெரி, ஸ்ட்ராபெரி மூன்றும் சிவப்பு ஒயினில் ஏற்கெனவே இருக்கும் பழ மணங்களின் உறவினர்கள். ராஸ்ப்பெரியின் புளிப்பு, திகட்டலை அறுத்துவிடும். உலர்ந்த பழங்களில் அத்தியும் செர்ரியும் நன்று. பாலேடு வகை ஒயினுடன் எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழச்சாறுகளைக் கலந்துவிடாதீர்கள். பால் திரிந்து, கோப்பையில் தயிர்த் துணுக்குகள் மிதக்கும். அந்தக் காட்சியை ஒருமுறை விருந்தினர் முன்னால் அரங்கேற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பாலாடைக்கட்டிதான் பலருக்கு வியப்பாக இருக்கும். நீலப் பூசணம் படிந்த வகைகளின் கடுமையான உப்பும் கொழுப்பும் இனிப்பு ஒயினைத் தேடி நிற்பவை. ஆங்கிலேயர்கள் ஸ்டில்டன் என்ற நீலப் பூசணப் பாலாடைக்கட்டியையும் போர்ட் என்ற இனிப்பு ஒயினையும் பன்னெடுங்காலமாகச் சேர்த்து உண்பது இந்தக் காரணத்தால்தான். சாக்லேட் ஒயினுக்கும் அதே கணக்கு செல்லும், ஆனால் சுண்டைக்காய் அளவில் தொடங்குங்கள். நீலப் பூசண மணம் பிடிக்காதவர்களுக்கு நன்கு முதிர்ந்த கௌடா இருக்கிறது. அதன் கேரமல் போன்ற இனிப்பும் பல்லில் நறநறக்கும் படிகங்களும் இந்த ஒயினுக்கு என்றே வந்தவை போலிருக்கும். மென்மையாக வேண்டுமென்றால் மாஸ்கார்போனே என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டியைக் கிண்ணத்தில் வைத்து, மேலே ராஸ்ப்பெரியும் கோகோப் பொடியும் தூவுங்கள்.

ஆறாம் படி: சாப்பாட்டோடு குடிக்கலாமா?

குடிக்கலாம். தேர்வு குறுகியது, அவ்வளவுதான். புகையில் வாட்டி, இனிப்பும் காரமும் கலந்த குழம்பு தடவிய இறைச்சி முதல் தேர்வு. கரிந்த ஓரங்களின் கைப்பும் தடவலின் இனிப்பும் ஒயினில் எதிரொலிக்கும். மெக்சிகோவின் பியூப்லா பகுதிக்குப் பெயர் வாங்கித் தந்த மோலே குழம்பு மிளகாயையும் சாக்லேட்டையும் ஒரே பானையில் வேகவைப்பது. சாக்லேட்டை இனிப்புப் பண்டமாக மட்டுமே பார்க்கிறவர்களுக்கு அது நல்ல பாடம். இறைச்சி உண்ணாதவர்கள் காளான், கத்திரிக்காய், பீட்ரூட் ஆகியவற்றை ஓவனில் கருக வாட்டிப் பாருங்கள். பீட்ரூட்டின் மண்வாசனையோடு கோகோ ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

காரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். இனிப்பும் குளிர்ச்சியும் அதைத் தணிக்கும். ஆகவே மிதமான காரத்துக்குக் குளிரவைத்த இனிப்பு ஒயின் சரி. கண்ணில் நீர் வரும் காரத்துக்குத் தண்ணீரும் தயிரும்தான் சரி.

மீனை விட்டுவிடுங்கள். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு, மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சு நெடியைக் கிளப்பிவிடும். வினிகர் ஊற்றிய சாலடும் வேண்டாம்.

ஏழாம் படி: இந்த ஒயின் பிடித்துப்போனால், அல்லது பிடிக்காமல் போனால்

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: செயற்கையாக எதுவும் சேராமலேயே சாக்லேட்டோடு இணைந்துபோகும் ஒயின்கள். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளையும் போர்ட், நொதித்தல் நடந்துகொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்தப்படுவது. திராட்சையின் சர்க்கரை அப்படியே தங்கிவிடும், ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மேலே சொன்ன 70 சதவீதச் சாக்லேட்டுக்கு இதுதான் துணை. தெற்கு பிரான்சின் பன்யூல்ஸும் மோரியும் கிரெனாஷ் திராட்சையிலிருந்து ஏறக்குறைய இதே முறையில் வருபவை. இத்தாலியின் பீட்மான்ட்டில் இரண்டு துருவங்கள் இருக்கின்றன. பிராக்கெட்டோ தாக்வி நுரைக்கும், இனிக்கும், ஆல்கஹாலும் குறைவு. ராஸ்ப்பெரியும் பால் சாக்லேட்டும் வைத்தால் போதும். பரோலோ கினாட்டோவோ கொய்னாப் பட்டையும் மசாலாப் பொருள்களும் ஊறியது. கைப்பை நேசிப்பவர்கள் அதை விடமாட்டார்கள்.

ஒயினும் சாக்லேட்டும் கலப்பது இன்றைய வியாபார உத்தி என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சமையல் குறிப்புகளிலேயே போர்ட் அல்லது ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினில் சாக்லேட்டையும் சர்க்கரையையும் போட்டு, கொஞ்சம் மாவு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய சூடான பானம் இருக்கிறது.

எட்டாம் படி: மீந்துபோனதை என்ன செய்வது?

திறக்காத பாட்டிலைப் பல ஆண்டுகள் சேர்த்துவைக்காதீர்கள். சுவைமணம் சேர்த்த ஒயின் முதிர்ந்து மேம்படாது. மணம் மங்கத்தான் செய்யும். பாலேடு வகைக்கு லேபிளில் உள்ள தேதியே இறுதித் தீர்ப்பு. திறந்த பாட்டிலை இறுக மூடி, நிற்கவைத்து, ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் நன்றாக இருக்கும்.

அதற்கு மேலும் மிஞ்சினால் அடுப்புக்குக் கொண்டுபோங்கள். தெளிவான வகையாக இருந்தால் 250 மில்லியை அகலமான வாணலியில் ஊற்றி, சிறு தீயில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவிடுங்கள். சர்க்கரை இருப்பதால் கடைசி இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது; கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிவிடும். இறக்கியதும் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு சிறு துண்டு வெண்ணெயும் சேர்த்துக் கலக்கினால், வெனிலா ஐஸ்கிரீமின் மேல் ஊற்றப் பளபளக்கும் சாறு தயார். சுண்டவைக்காத ஒயினிலேயே தோல் சீவிய பேரிக்காயை, ஒரு துண்டு பட்டையோடு, கத்தி இறங்கும்வரை வேகவைத்து எடுக்கலாம். பாலேடு வகையை மட்டும் கொதிக்கவைக்காதீர்கள், பிரிந்துவிடும். அதை அப்படியே ஐஸ்கிரீமில் ஊற்றுங்கள்.

கொதித்தால் ஆல்கஹால் முழுக்க ஆவியாகிவிடும் என்று நம்பிக் குழந்தைகளுக்குப் பரிமாறிவிட வேண்டாம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, அரை மணி நேரம் கொதித்த உணவிலும் சேர்த்த ஆல்கஹாலில் ஏறக்குறைய 35 சதவீதம் தங்கியிருக்கிறது. அவர்களுடைய ஐஸ்கிரீமுக்குக் கோகோவும் பாலும் சர்க்கரையும் காய்ச்சித் தனியாக ஒரு சாறு செய்துவிடுங்கள்.